ஒரே அளவு குப்பைக்கு ஊருக்கு ஊர் ஏன் வேறு வேறு கட்டணம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். சென்னையில் 1,200 சதுர அடி வீட்டில் இருக்கிறீர்கள். குப்பைக்கென்று தனியாக யாரும் காசு கேட்பதில்லை. அதே அளவு வீட்டில் பெங்களூருவில் இருக்கும் தங்கை மாதம் 100 ரூபாய் கட்டுகிறார். பாலக்காட்டுப் பக்கம் கிராமப் பஞ்சாயத்தில் இருக்கும் மாமியார் வீட்டில் மாதம் 50 ரூபாய் வாங்குகிறார்கள், அதுவும் மீன் செதிலையும் காய்கறித் தோலையும் எடுக்காமல். இதில் யார் அதிகம் வாங்குகிறார்கள், உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது கேள்வி. ஆனால் கேள்விக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. கட்டணத்தையும் செலவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறீர்கள். நீங்கள் சொன்ன மூன்று தொகைகளில் எதுவும் அந்தந்த ஊரின் செலவு அல்ல. செலவில் எவ்வளவை உங்கள் கையிலிருந்து நேராக வாங்குவது, எவ்வளவைப் பொதுப் பணத்தில் போடுவது என்று அந்தந்த ஊர் எடுத்த முடிவு மட்டுமே அது.

முதலில் சட்டம், அதில் சந்தேகமில்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை உண்டாக்கும் எல்லோரும் உள்ளாட்சி நிர்ணயிக்கும் பயனாளர் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்றன. அந்தக் கட்டணத்தை அவ்வப்போது நிர்ணயித்து, தானே வசூலிக்கவோ முகமை மூலம் வசூலிக்கவோ உள்ளாட்சிக்குப் பொறுப்பும் கொடுத்தன. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. வேறுபாடு அத்தனையும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சென்னையும் இந்த விதியைத் தொட்டுப் பார்த்தது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் தொடங்கும் முன்பே நிறுத்தி வைத்தார்கள். அதனால் குப்பை இலவசமாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியிலும் அரசு மானியங்களிலும் அது கரைகிறது. 2022-இல் சென்னையின் சொத்து வரி வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை கூடியது நினைவிருக்கும்; அப்படிக் கூடிய பணத்தில் ஒரு பங்கு போகும் இடங்களில் குப்பை வண்டியும் ஒன்று.

இனி செலவு. நான்கு பேர் உள்ள நகர்ப்புற வீடு நாளுக்குச் சுமார் 2 கிலோ குப்பை போடும், மாதத்துக்கு 60 கிலோ. பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. ஒரு பேட்டரி வண்டி, ஒரு தூய்மைப் பணியாளர், 300 வீடு என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுப்புக்கு மாற்றாள் எல்லாம் சேர்த்து மாதம் 22,000 ரூபாய். வண்டியின் விலையை ஐந்து ஆண்டுக்குப் பிரித்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றும் பேட்டரி, சார்ஜ், டயர், பழுது எல்லாம் போட்டால் மாதம் 7,000. மொத்தம் 29,000, 300 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 97 ரூபாய். இது வாசலிலிருந்து தெருமுனை வரை வருவதற்கு மட்டும். அந்த 300 வீட்டின் குப்பை மாதம் 18 டன். அதைக் குப்பை மாற்று நிலையத்துக்குக் கொண்டுபோய், குப்பையை அழுத்தி அடைக்கும் காம்பேக்டர் லாரியில் ஏற்றி, ஊர்க்கோடிக்கு இழுக்க டன்னுக்கு 700 ரூபாய் என்றால் வீட்டுக்கு 42. உரமாக்கவும் பிரிக்கவும் மிச்சத்தை ஒழிக்கவும் டன்னுக்கு 600 என்றால் இன்னும் 36. மேற்பார்வை, சீருடை, கையுறை, எடைமேடை என்று பத்து சதவீதம் சேருங்கள். வீட்டுக்கு ஏறக்குறைய 190 ரூபாய், கிலோவுக்கு மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

இந்த 190-ஐ எந்த ஊரின் கணக்குப் புத்தகத்திலும் தேடாதீர்கள். உள்ளே போட்ட எண்கள் நடைமுறைக்கு ஒத்தவை, ஆனால் நான் எடுத்துக்கொண்டவை. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கூடும் குறையும். நம்பக்கூடியது எண் அல்ல, அதன் அமைப்பு. பழைய அரசு அறிக்கைகளில் அடிக்கடி வரும் கணக்கும் இதே சாயலில்தான் இருக்கும்: குப்பைக்கு ஆகும் செலவில் 60 முதல் 70 சதவீதம் வீடு வீடாகச் சேகரிக்க, 20 முதல் 30 சதவீதம் ஏற்றிச் செல்ல, கடைசியில் முறையாக ஒழிப்பதற்கு 5 சதவீதம்கூட இல்லை. அந்த 5 சதவீதம் சிக்கனத்தால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டுத் திரும்பினால் அவ்வளவுதான் ஆகும்.

ஆகவே ஒரு பகுதியில் செலவைத் தீர்மானிப்பது குப்பையின் எடையைவிட, ஒரு ஆள் ஒரு காலையில் எத்தனை வாசலைத் தொட முடிகிறது என்பதே. வாசலுக்கு 45 விநாடி என்றால் 300 வீட்டுக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி ஒரு தடவைக்கு 150 முதல் 200 கிலோ கொள்ளும், ஆக 600 கிலோவுக்கு மூன்று நான்கு நடை. அதற்கு மேல் ஒன்றரை இரண்டு மணி நேரம் போகும். விசில் கேட்டதும் ஆட்கள் கீழே கொண்டுவந்து கொடுக்கும் தெருவில் இது நடக்கும். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பில் பணியாளர் ஏறி இறங்க வேண்டுமென்றால் வாசலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். அதே ஆள் 150 வீடு பார்ப்பதே பெரிது. அப்போது வாசலில் சேகரிக்கும் செலவு 97-இலிருந்து 193 ஆகி, மொத்தம் 300-ஐத் தொடும். வண்டி நுழையாத சந்துகளில் தள்ளுவண்டி; அங்கேயும் இதே கதை. வீடுகள் எட்ட எட்ட இருக்கும் புறநகர் மனைப்பிரிவில் நேரம் வாசலில் போகாது, வாசலுக்கும் வாசலுக்கும் நடுவில் போகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். நெருக்கமான நடுத்தரத் தெருதான் எப்போதும் மலிவு. பணக்காரப் பகுதிக்கு அதிகம் செலவாகும் என்பது பெரும்பாலும் உண்மை, காரணம் மட்டும் வேறு: பெரிய காம்பவுண்டு, பூட்டிய கேட், தோட்டத்து இலைதழை.

இரண்டாவது பெரிய காரணம் கலப்பு. மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே பையில் வந்தால் மூன்று இடத்தில் பணம் போகிறது. ஈரம் பட்ட அட்டையையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்க மாட்டார், ஆக வரவேண்டிய வரவு நின்றுபோகும். கண்ணாடித் துண்டும் டயப்பரும் கலந்த சமையலறைக் கழிவில் நல்ல உரம் வராது. சலிக்கச் சலிக்கக் கழிவுதான் வரும். மூன்றாவதாக, உரமாக்கி அங்கேயே குறைத்திருக்க வேண்டிய எடையை லாரியில் வைத்து 20, 30 கிலோமீட்டர் சுமக்கிறோம். அந்த எடையில் பாதி தண்ணீர். மழைக்காலத்தில் மூடாத தொட்டியிலிருந்து ஏற்றும் லாரிக்கு எடைமேடையில் இன்னும் கூடுதலாக விழும். டன் கணக்கில் பணம் வாங்கும் ஒப்பந்ததாரருக்கு அது லாபம், மாநகராட்சிக்கு நஷ்டம். வண்டி இரண்டு நாள் வராமல் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. காலி மனையிலோ மின்கம்பத்தடியிலோ பை விழும். ஒன்று விழுந்தால் பத்து விழும். மாட்டைத் தொடர்ந்து நாய் வரும். அதை அள்ள பாப்கேட் என்ற சிறு அள்ளும் இயந்திரமும் டிப்பரும் தனியாக வர வேண்டும். சிதறிய குப்பையை அள்ளுவது கையில் வாங்குவதைவிடப் பல மடங்கு செலவு, ஆனால் அது யாருடைய கட்டணக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இப்போது உங்கள் தங்கை வீடு. பெங்களூருவில் 2025 ஏப்ரல் 1 முதல் சொத்து வரியோடு சேர்த்துக் குப்பைக் கட்டணம் வசூலாகிறது. 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 1,000 வரை 50, 2,000 வரை 100, 3,000 வரை 150, 4,000 வரை 200, அதற்கு மேல் 400. அதற்கு முன்பும் அங்கே குப்பை வரி உண்டு. 1,000 சதுர அடி வரை 10, 3,000 வரை 30, அதற்கு மேல் 50 என்று சிறு தொகை. கட்டடத்தின் பரப்பை வைத்து வாங்குவதில் நிர்வாகத்துக்கு வசதி அதிகம்: அளவு ஏற்கெனவே சொத்து வரிப் பதிவேட்டில் இருக்கிறது, தனி ரசீது, தனி வசூல் ஆள் எதுவும் வேண்டாம். ஆனால் குப்பைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு குறைவு. 2,500 சதுர அடி வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டி 150 கட்டுவார். 550 சதுர அடியில் எட்டுப் பேர் இருக்கும் குடும்பம் 10 கட்டும். இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்க முடிந்தவரிடம் கூட வாங்கி முடியாதவரிடம் குறைத்து வாங்குவது வரியின் குணம். பெயரில் மட்டும் கட்டணம், உள்ளே அது வரிதான். தங்கையின் 100 ரூபாய் என் கணக்கின்படி உண்மைச் செலவில் பாதிதான் இருக்கும்.

ஆனால் அவர் இருப்பது பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பா என்று கேளுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் வளாகத்தை 2016 விதிகள் பெருமளவு உண்டாக்குவோர் என்று பிரித்தன. வீட்டுக்கு 2 கிலோ என்றால் ஐம்பது வீடு உள்ள குடியிருப்பே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். பெங்களூருவில் அத்தகையோர் குப்பையை மாநகர நிறுவனத்திடம் கொடுத்தால் கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்தார்கள். என் கணக்கில் வந்த மூன்று ரூபாயோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. இந்தத் தொகை செலவைப் பார்த்து வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை; உள்ளேயே உரமாக்கிக்கொள் என்று முதுகில் கைவைத்துத் தள்ளும் கட்டணம் இது. தனியார் ஒப்பந்தக்காரருக்கும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, சொத்து வரியிலும் கட்டணம் கட்டுகிறோமே என்ற புகார் அடுக்குமாடிச் சங்கங்களிடமிருந்து எழுந்தது. அதில் நியாயம் உண்டு.

மாமியார் வீட்டு 50 ரூபாய்க்கு வருவோம், இதுதான் மூன்றிலும் சுவாரசியமானது. கேரளத்தில் குப்பை எடுக்க வீட்டுக்கு வருவது ஹரித கர்ம சேனை என்ற குழு, பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்கள். கிராமப் பஞ்சாயத்தில் வீட்டுக்கு மாதம் 50, நகரங்களில் 70 என்பது பொதுவான தொகை. கழுவிக் காயவைத்த மக்காத குப்பையை மட்டும்தான் எடுப்பார்கள், அதுவும் தினமும் வரமாட்டார்கள். சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க வேண்டும். மாதம் நாலு கிலோ பிளாஸ்டிக் கொடுத்தால் கிலோவுக்கு 12 ரூபாய்க்கு மேல் விழுகிறது. தங்கை வீட்டிலோ 60 கிலோவுக்கு 100. கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. ஆக, தொகையில் சிறியது எடையில் பெரியதாகிவிட்டது. இதை வைத்து மாமியாரை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருவர் சேர்ந்து நாளுக்கு 50 வீடு ஏறினால் கையில் வருவது 2,500 ரூபாய். இரண்டு பேர் கூலி, வண்டி வாடகை, பிரிக்கும் இடம் எல்லாம் அதற்குள். எல்லா வீடும் கொடுத்தால்தான் அதுவும். பாதி வீடு கதவைச் சாத்தினால் அந்தப் பெண்களின் கூலிதான் பாதியாகும். கட்டாத தொகையைச் சொத்து வரிப் பாக்கிபோல வசூலிக்க 2024-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டதற்கு இதுதான் பின்னணி. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பல நாள் எரிந்து ஊரே புகையில் மூச்சு முட்டிய பிறகு இந்தக் கெடுபிடி கூடியது. வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் வில்லை எதற்கு என்று மாமியார் கேட்டால், யார் வீட்டில் எப்போது எடுத்தார்கள், கட்டணம் வந்ததா என்று பதிவுசெய்வதற்கு.

அந்த நாலு கிலோ எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். விலைபோகும் பாட்டில், அட்டை, இரும்பு எல்லாம் பழைய பொருள் வாங்குபவரிடம் முன்பே போய்விடும். சேனையின் சாக்கில் விழுவது பிஸ்கட் உறை, பால் கவர், தெர்மாகோல், கிழிந்த செருப்பு. இவற்றை வாங்க ஆளில்லை. காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். சென்னையிலும் அப்படிப்பட்ட எரியும் கழிவு 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அரியலூர்ப் பக்கச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. குப்பையில் காசு இருக்கிறது என்று மேடையில் பேசுவோர் இந்த லாரி வாடகையைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமம் இன்னொரு மாதிரி. ஊராட்சிகளில் ஏறத்தாழ 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர். மாத ஊதியம் 2,600-இல் தொடங்கி, 3,600 ஆகி, பிறகு 5,000 ஆனது. வகுத்தால் வீட்டுக்கு 33 ரூபாய். தூரத்து லாரியும் இல்லை, ஊருக்குள்ளேயே உரக்குழி. நாட்டிலேயே மலிவு என்று இதைக் காட்டலாம். ஆனால் மலிவு எங்கிருந்து வருகிறது என்று ஊதியத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புனேயில் ஸ்வச் என்ற குப்பை பொறுக்குவோர் கூட்டுறவு 2008-இலிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறது. அங்கே வீட்டுக்காரர் கட்டணத்தை நேராகப் பணியாளர் கையில் கொடுக்கிறார், குடிசைப் பகுதிக்குக் குறைவு, பிரித்து விற்கும் பழைய பொருளின் வரவும் அவருக்கே. நம் ஊரில் வாசலில் மாதம் ஐம்பது நூறு என்று கொடுக்கிறோமே, தீபாவளிக்கு இனாமும் கொடுக்கிறோமே, அதையே ரசீதோடு முறைப்படுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. குப்பைக்கென்று யாரும் காசு கேட்பதில்லை என்றீர்கள். அந்த வாசல் பணத்தையும் கூட்டிப் பார்த்தீர்களா?

குப்பையின் அளவுக்குத் தகுந்தபடி காசு வாங்கினால் தீர்ந்தது என்று சொல்வோரும் உண்டு. தென் கொரியாவில் 1995 முதலும், தைபேயில் 2000 முதலும் இப்படி நடக்கிறது. அரசு விற்கும் பையில் போட்டால்தான் எடுப்பார்கள், பையின் விலைக்குள் கட்டணம் அடங்கியிருக்கும், மறுசுழற்சிக்குப் பிரித்துக் கொடுப்பதற்குக் காசில்லை. அது அங்கே நிற்பதற்குத் தவறாத வண்டி, பையைத் தவிர்ப்போருக்கு அபராதம், போலிப் பைக்குத் தண்டனை ஆகிய மூன்றும் வேண்டியிருந்தது. காலி மனை தாராளமாகக் கிடக்கும் ஊரில் நாளை காலை பையை விற்கத் தொடங்கினால் பை விற்காது, மனை நிரம்பும். இது என் கணிப்பு, சோதித்த உண்மை அல்ல.

கிடங்கில் கொட்டுவது மலிவு என்று சொன்னேனே, அந்தக் கடனை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் பல பத்தாண்டாகக் குவிந்த சுமார் 66 லட்சம் டன்னைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணியின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். டன்னுக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. அன்று கட்டாத கட்டணம் இது. கொட்டியவர்களில் பலர் இன்று இல்லை.

உங்கள் பகுதிக்கு உண்மைச் செலவு தெரிய வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ‘குப்பைக்கு எவ்வளவு செலவு’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் மண்டலத்துக்குக் கடந்த நிதியாண்டில் சேகரிப்பு, போக்குவரத்து, பதப்படுத்துதல் என்று தனித்தனியாக எவ்வளவு பணம் போனது, எடைமேடையில் பதிவான டன் எவ்வளவு, சேவை பெறும் வீடும் கடையும் எத்தனை, ஒப்பந்ததாரருக்குப் பணம் டன் கணக்கிலா வீட்டுக் கணக்கிலா, அபராதமாகப் பிடித்தது எவ்வளவு என்று ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள். வந்த பதிலை வீட்டின் எண்ணிக்கையால் வகுக்கும்போது கடை, ஓட்டல், சந்தைக் குப்பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். அதை விட்டால் வீட்டுச் செலவு கூடுதலாகத் தெரியும்.

தங்கையின் குடியிருப்பு தனியாரோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் இரண்டு வழி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசினால், வேலை குறைய ஒப்பந்தக்காரர் நாளைத் தவறவிடுவார். வராத நாளுக்குப் பிடித்தம் என்று எழுதிவிடுங்கள். கிலோ கணக்கு என்றால் எடையில் சண்டை வரும். தொட்டியின் வெற்று எடையைப் பெயிண்டில் எழுதி வையுங்கள், சமையலறைக் கழிவுத் தொட்டியின் சாற்றை வடித்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள், தராசு உங்கள் வளாகத்துக்குள் இருக்கட்டும், காவலாளி கையெழுத்தோடு தினப் பதிவு வேண்டும். டயப்பரும் நாப்கினும் தனிப் பையில் போக வேண்டும், அதற்குத் தனி விலை கேட்பது நியாயமே. குப்பை கடைசியில் எங்கே போகிறது என்பதற்கு இறக்குமிடத்து ரசீதை மாதம் ஒருமுறை கேளுங்கள். அந்த ரசீது தர முடியாதவர் எவ்வளவு மலிவாகப் பேசினாலும், உங்கள் குப்பை ஏதோ ஓர் ஏரிக்கரையில் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.